சொடுக்கினால் போதுமா?

மாணவர் கட்டுரைகளை எக்ஸ்எம்எல் கோப்புகளாகச் சேர்த்துவிட்டோம். அவற்றை அச்சுக்கும் இணையத்திற்கும் மாற்ற, ஒரே சொடுக்கில் முடிக்கும் மென்பொருளை விலைக்கு வாங்கலாம் என்று இங்கே சிலிபினில் சிலர் வாதிடுகின்றனர். நான் உடன்படேன். அதன் மாற்று விதிகள் நம் கண்ணுக்குத் தெரியா. நிறுவனம் கைவிட்டால் நம் உழைப்பும் முடங்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் இட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது எதனால்? திஸ்கியின் குறியீட்டு அட்டவணை எல்லார்க்கும் திறந்திருந்தது.

எக்ஸ்எஸ்எல்டி என்னும் மாற்றுமொழியும் அவ்வாறே. விதிகள் யாவும் எளிய உரைக்கோப்பில் இருக்கும், எவரும் திருத்தலாம். கற்பது கடினந்தான், எனக்கே ஒரு வாரம் தலைசுற்றியது. இலவசக் கருவியான எக்ஸ்எஸ்எல்டிபிராக் 1999இன் முதற்பதிப்போடு நின்றுவிடும். கட்டுரைகளை ஆண்டுவாரியாகத் தொகுக்கும் நேரடிக் கட்டளையோ 2007இன் 2.0 பதிப்பில்தான் வந்தது. ஆகவே சாக்சன்-எச்இ கொள்வோம், அதுவும் இலவசமே. மிஞ்சும் பணத்தில் நூலகத்திற்குப் புத்தகம் வாங்கலாம்.