கரண்ட் லோடு வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? விலை பாதி, வினை முழுசு!

"அண்ணே, டீசல் செலவே கிடையாது. ராத்திரி பிளக்கை மாட்டுங்க. காலையில சாவியைப் போடுங்க. காசு பாக்கெட்டுலயே நிக்கும்!"

பழைய வண்டி புரோக்கர்களின் புதுப் பல்லவி இது.

கன்சல்டிங் கடை வாசல்களில் பச்சை நம்பர் பிளேட் லோடு வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. புது வண்டி விலையில் பாதிக்குத் தருகிறேன் என்றால் மளிகைக் கடைக்காரர் வாயைப் பிளக்கிறார். பி.எப். லோன் போட்டு ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாமா என்று குமாஸ்தா கணக்குப் போடுகிறார்.

கணக்கு சரிதான். ஆனால் அதில் ஒரு வரி விட்டுப் போகிறது.

வண்டி படுத்துக்கொண்டால், எழுப்பி விடுகிற ஆள் எத்தனை கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறார்?

பட்டணத்துக்காரருக்கு இது பெரிய கவலை இல்லை. போன் போட்டால் ஆள் வந்துவிடும். மலை மேல் இருப்பவருக்கும், கடலோரத்தில் இருப்பவருக்கும், பெரிய ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போகிறவருக்கும் அப்படியா? அவர்களுக்கு அந்தத் தூரம்தான் வண்டியின் நிஜமான விலை!

எங்கிருந்து வருகிறது?

2020-ல் மகிந்திராவின் "ட்ரியோ ஜோர்" என்ற மூன்று சக்கர கரண்ட் லோடு ஆட்டோ வந்தது. 2022 மே மாதம் டாடா கம்பெனி "ஏஸ்" வண்டியை, அதாவது நம்ம ஜனங்கள் "குட்டி யானை" என்று கூப்பிடுகிற வண்டியை, கரண்டில் இறக்கியது. 21.3 யூனிட் பிடிக்கிற பேட்டரி. 600 கிலோ பாரம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் 154 கி.மீ. என்பது சோதனைச் சான்றிதழ் சொல்கிற கணக்கு.

அறிமுகமானபோதே ஆன்லைன் வியாபாரக் கம்பெனிகளும் டெலிவரி கம்பெனிகளும் 39 ஆயிரம் வண்டிகளுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. அதாவது இந்த வண்டிகளுக்கு முதல் எஜமான் நகரத்து டெலிவரித் தொழில்தான். நாள் முழுக்க ஓட்டம். மத்தியானம் அவசர சார்ஜ். ராத்திரி மறுபடியும் சார்ஜ்.

"ஒரே ஓனர் வண்டி" என்று புரோக்கர் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரே ஓனர் ஒரு கம்பெனியாக இருக்கும்; ஓட்டியவர்கள் பத்துப் பேராக இருப்பார்கள்!

வண்டி மோசமா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். என்ஜின் ஆயில் கிடையாது. கிளட்ச் தேய்மானம் கிடையாது. புகை கிடையாது. 2018 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி கரண்ட் வண்டிகளுக்கு பெர்மிட்டும் தேவையில்லை. பக்கத்திலேயே சர்வீஸ் இருக்கிற ஊரில் நல்ல பேட்டரியோடு கிடைத்தால் லாபமான வண்டிதான்.

டீசல் வண்டி படுத்தால் மெயின் ரோட்டு மெக்கானிக் ஷெட்டிலிருந்து ஒரு பையன் ஸ்பேனரோடு வந்துவிடுவான். கரண்ட் வண்டி படுத்தால் அதே பையன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு கம்ப்யூட்டர் வேணும்" என்று கையை விரித்துவிடுவான். அவன் மேல் தப்பு இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் கருவியும் அதற்கான சாப்ட்வேரும் கம்பெனிக்காரர் கையில்தான் இருக்கிறது.

170 கி.மீ. கதை!

ராமேசுவரத்தில் ஒரு மீன் வியாபாரி வண்டி வாங்குகிறார். அவருக்குச் சர்வீஸ் மதுரையில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் ஏறக்குறைய 170 கி.மீ. வண்டியின் சான்றிதழ்க் கணக்கே 154 கி.மீ.தான். அதுவும் புதுசில்! பாரம் ஏற்றி, வெயிலில் ஓட்டி, மூன்று வருஷம் பழசான பேட்டரி 100 கி.மீ. கொடுத்தாலே பெரிய காரியம். ஆக, நல்ல நிலையில் இருக்கும்போதே அந்த வண்டி தன்னுடைய ஆஸ்பத்திரிக்கு ஒரே மூச்சில் போய்ச் சேராது! படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். அது கரண்டை உண்டாக்கிச் சேதம் செய்துவிடும். இன்னொரு லாரியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இப்போது தோராயமாக ஒரு கணக்கு.

பாரத்தோடு 100 கி.மீ. ஓட, சார்ஜர் விரயமும் சேர்த்து 24 யூனிட் என்று வைப்போம். யூனிட் 10 ரூபாய் என்றால் கிலோ மீட்டருக்கு 2 ரூபாய் 40 காசு. டீசல் குட்டி யானை லிட்டருக்கு 18 கி.மீ. ஓடுகிறது, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் கிலோ மீட்டருக்கு 5 ரூபாய் 10 காசு. மிச்சம் 2 ரூபாய் 70 காசு. தினம் 80 கி.மீ. ஓட்டினால் ஒரு நாளைக்கு 216 ரூபாய் மிச்சம். சந்தோஷம்!

வண்டி ஒரு தடவை படுக்கிறது. லாரியில் ஏற்றிக்கொண்டு போக கிலோ மீட்டருக்கு 30 ரூபாய் என்றால் 170 கி.மீ.க்கு 5,100 ரூபாய். "பார்ட்ஸ் ஆர்டர் போட்டிருக்கு" என்று 20 நாள் நிற்கிறது. அதுவரை வாடகை வண்டிக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் 20 ஆயிரம். மொத்தம் 25 ஆயிரத்து 100. ரிப்பேர் பில் தனி!

மாதம் 25 நாள் ஓடுகிற வண்டிக்கு இது நாலு மாதத்துக்கு மேல் சேர்த்த மிச்சம். ஒரே படுக்கையில் போச்சு! இதில் தவணை கட்டுகிறவராக இருந்தால் தலையில் துண்டுதான்.

வாசலில் நிற்கும் வண்டிக்கு வெளியூரில் பூட்டு!

இது எல்லாவற்றையும் விட விபரீதமானது.

பல கரண்ட் வண்டிகளில் சிம் கார்டு வைத்த கருவி இருக்கிறது. வண்டி எங்கே போகிறது, பேட்டரி எவ்வளவு என்று தூரத்தில் இருந்தே பார்க்கலாம். முதல் ஓனர் தவணை கட்டாவிட்டால், பைனான்ஸ் கம்பெனி எங்கோ உட்கார்ந்துகொண்டு வண்டியைக் கிளம்பவிடாமல் நிறுத்தவும் முடியும்.

பாக்கி யாரோ வைத்தது. பணம் கொடுத்தவர் நீங்கள். விடியற்காலை மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது வண்டி அசையாது!

இன்னொரு சிக்கல். பேட்டரி இல்லாமலே இரண்டு சக்கர, மூன்று சக்கர கரண்ட் வண்டிகளைப் பதிவு செய்யலாம் என்று 2020 ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அதனால் வண்டி ஒருவருடையது, பேட்டரி வாடகைக்கு விட்ட இன்னொரு கம்பெனியுடையது என்பதும் நடக்கக்கூடியதே. வண்டியை வாங்கியவர் பேட்டரியை வாங்கினாரா என்று பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே ஆர்.சி. புத்தகத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா, பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி. இருக்கிறதா, பேட்டரி நம்பரும் கம்பெனி ரெக்கார்டில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். தூரத்து இணைப்பு பழைய ஓனர் பேரிலிருந்து உங்கள் பேருக்கு மாறியதா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

மூன்று சக்கர வண்டியானால், தயாரித்த மாதத்தையும் கவனியுங்கள். 2022-ல் கரண்ட் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து தீப்பிடித்த பிறகு, அந்த டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். அதற்கு முந்தைய வண்டி என்றால் விசாரணை இரட்டிப்பாக இருக்கட்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் ஆபத்து. 2023 டிசம்பரில் சென்னையை மிக்ஜாம் புயல் மழை முக்கியது. அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை பக்கமும் வெள்ளம். மெத்தையை மாற்றி பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள். கேட்டதும் புரோக்கர் முகம் மாறினால் நடையைக் கட்டுங்கள்!

இ.பி. மீட்டர் பொய் சொல்லாது

மீட்டரில் கிலோ மீட்டர் குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த வண்டியின் உயிர் பேட்டரியில். அதைச் சோதிக்க பெரிய படிப்பு தேவையில்லை.

ஒன்று: முழு சார்ஜ் போட்டு, உங்கள் சரக்கையே ஏற்றி, உங்கள் ரோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். சமதள பைபாசில் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அங்கே ஏறுகிற வண்டி தின்கிற சார்ஜ் வேறு. கோயம்பேட்டில் ஓடுகிற வண்டி தின்கிறது வேறு.

இரண்டு: சார்ஜை 20 சதவீதத்துக்கு இறக்கி, மீண்டும் முழுதாக ஏற்றுங்கள். இ.பி. மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அதே மீட்டரில் வேறு எதுவும் ஓடக் கூடாது. 21.3 யூனிட் பேட்டரி நல்லபடி இருந்தால், விரயமும் சேர்த்து 18, 19 யூனிட் குடிக்கும். 13, 14 யூனிட்டிலேயே "போதும்" என்று நின்றுவிட்டால் பேட்டரி கால்வாசிக்கு மேல் செத்துவிட்டது என்று அர்த்தம்! 15 ஆம்பியர் பிளக்கில் இதற்கு ஆறேழு மணி நேரம் ஆகும். லட்சக்கணக்கில் பணம் போடுகிறவர் ஒரு பகல் காத்திருக்கலாம், தப்பில்லை.

மூன்று: கம்பெனி சர்வீஸ் சென்டரில் காசு கட்டி பேட்டரியின் ஆரோக்கிய ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள். பேட்டரி வாரண்டி இரண்டாவது ஓனருக்கும் செல்லுமா என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொல்வது வாசலோடு சரி.

இன்னொரு சின்ன விஷயம். பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி கிளம்பாமல் போவதுண்டு. சில சமயம் காரணம், பக்கத்தில் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி செத்துப்போனது. அதை உள்ளூர் எலெக்ட்ரீஷியனே மாற்றிவிடுவார். பிரேக், டயர், பேரிங் எல்லாம் உள்ளூர் வேலைதான். ஆனால் ஆரஞ்சு நிற கேபிளில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அது ஆளையே அடித்துவிடும்.

எட்ட இருப்பவர் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். ஒரே நிபந்தனை. அரை சார்ஜில் போய்ச் சேருகிற தூரத்தில் சர்வீஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம் என்று கம்பெனி எழுத்தில் தர வேண்டும். இரண்டும் இல்லாதவர் இந்த ஒரே வண்டியை நம்பிப் பிழைப்பை வைப்பது, நீச்சல் தெரியாமல் கிணற்றில் இறங்குகிற வேலை.

வாங்குகிறவருக்கு மட்டும் உபதேசம் செய்தால் போதுமா? விற்ற கம்பெனிக்குப் பொறுப்பு இல்லையா?

ரிப்பேர் கருவியையும் உதிரி பாகத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் மடியில் கட்டிக்கொண்டதற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அப்பீல், வழக்கு என்று அது இழுத்துக்கொண்டு போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு "பழுது பார்க்கும் உரிமை" என்று இணையதளமே திறந்தது. அதில் மோட்டார் வாகனமும் உண்டு. ஆனால் தளம் திறந்ததால் வால்பாறை மெக்கானிக் கையில் கருவி வந்துவிடுமா?

கம்பெனியே கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கரண்ட் பிக்கப் வண்டி செய்த லார்ட்ஸ்டவுன் கம்பெனி 2023 ஜூனில் திவால் மனு போட்டது. அமெரிக்காக்காரனுக்கே அந்தக் கதி என்றால், சின்னக் கம்பெனி வண்டியை இங்கே பழசாக வாங்குகிறவர் கதி?

ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் கரண்ட் வண்டி பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இங்கேயும் ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றும்போதே பேட்டரியின் நிலை என்ன என்ற சான்றையும் கேட்டால் பாதி மோசடி அன்றைக்கே ஒழியும்.

தாலுகாவுக்கு ஒரு ஷெட்டையாவது தேர்ந்தெடுத்து, அங்கே இருக்கும் ஐ.டி.ஐ. படித்த பையனுக்குப் பயிற்சியும் கருவியும் கொடுக்கட்டும். மாதம் ஒரு தடவையாவது சர்வீஸ் வேன் மலைக்கும் கடலோரத்துக்கும் போகட்டும். பேட்டரி, சார்ஜர், கண்ட்ரோலர் விலைப் பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டட்டும். விற்கும்போது மட்டும் ஊர் ஊராக மேளா போடத் தெரிகிறது அல்லவா?

அதுவரை வியாபாரிகள் வண்டி விலையைக் கேட்பதற்கு முன்னால் சர்வீஸ் சென்டர் விலாசத்தைக் கேட்கட்டும். விலாசம் சொல்லத் தெரியாத புரோக்கரிடம் பேரம் பேசுவதே வீண்!