பங்கீட்டில் விடுபட்டோர்

பிறர் பாரத்தைச் சுமப்பதற்கு எருசலேமின் ஆதித் திருச்சபையையே எடுத்துக்காட்டுவர். உள்ளவர் காணி பூமியை விற்றுக் கொணர்ந்தனர், இல்லாதவர்க்குப் பங்கிடப்பட்டது. ஆயினும் அச்சபையிலேயே முறுமுறுப்பு எழுந்ததை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். அன்றாடப் பங்கீட்டிலே கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டனர். எபிரெயரின் விதவைகளைப் பற்றி அத்தகைய முறையீடு எழவில்லை.

அப்போஸ்தலர் குறை சொன்னோரைக் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையை உபதேசிக்கவுமில்லை. (நாமாயின் முதலில் அதைத்தான் செய்திருப்போம்!) சபையைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! அக்காலத்து யூதரிடையே கிரேக்கப் பெயர்கள் பரவலாக வழங்கியதுண்டு. எனினும் ஏழும் அவ்வாறே அமைந்தது தற்செயலன்று என்றே எண்ணுகின்றோம். நிக்கொலாவோ பிறப்பால் யூதருமல்லர். யூத மார்க்கத்தைத் தழுவிய அந்தியோகியர். விடுபட்டோரின் பக்கத்தவரிடமே பந்தியின் பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது.

நம் ஊர்த் தேவாலயங்களிலும் உதவி பெறுவோர் பட்டியல் உண்டு. அதை எழுதுபவர் யார்? அவர் கால் மிதியாத முற்றம் எது? அடுத்த சபைக் கூட்டத்திலே யாரேனும் எழுந்து இதைக் கேட்டால், அவரை முறுமுறுப்பவர் என்று அமர்த்திவிட வேண்டாம்.