குட்டையில் விராலா? கோடை மழைக்கு முன்பே பிடித்துவிடுங்கள்!

'தோட்டத்தில் 25 சென்ட் பரப்பில் மண் குட்டை இருக்கிறது. போன மழைக்காலத்தில் கட்லா, ரோகு குஞ்சுகள் 500 விட்டோம். இப்போது வலை போட்டால் 40 மீன்கூடத் தேறவில்லை. நாலைந்து பெரிய விரால் மட்டும் வலையைத் தாண்டிக் குதிக்கின்றன. தூண்டிலில் பிடிக்க முடியுமா? அடுத்த முறை இப்படி ஆகாமலிருக்க என்ன செய்வது?'

- வாசகர், துடியலூர்.

குஞ்சுகள் எங்கே போயின என்பதற்கான பதில் கேள்வியிலேயே இருக்கிறது. விரால் முழுக்க முழுக்க இரை தின்னும் மீன். விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் இருக்கும் குட்டையில் நாலைந்து விரால் புகுந்தால், அடைகாத்த கோழிக்குஞ்சுக் கூண்டுக்குள் கீரி புகுந்த கதைதான். அவற்றை யாரும் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டியதில்லை. விராலுக்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. மழை இரவில் ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். குருடி மலையிலிருந்து வரும் கௌசிகா ஓடையிலோ, பக்கத்துக் குளத்திலோ தண்ணீர் புரண்டால் வாய்க்கால் வழியாகவும் ஏறிவிடும்.

பிடிக்க இதுதான் சரியான சமயம். கோடையில் தண்ணீர் வற்றி, இருப்பது ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகிறது. விரால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். கரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தால், நீர் 'களக்' என்று கலங்கும் இடம் தெரியும். வெயில் நேரத்தில் கோரை, ஆகாயத்தாமரை நிழலுக்குள் கிடக்கும். விடியலிலும் பொழுது சாயும்போதும் ஓரத்துக்கு வந்து இரை தேடும். அந்த நேரத்தில் பாசி ஓரமாகத் தூண்டில் விழ வேண்டும். கொக்கியில் இரை வைத்து நட்ட நடுக்குட்டையில் வீசிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

இரையாக மண்புழு, சின்ன மீன் போதும். உயிருள்ள தவளையைக் கோர்ப்பது நம் ஊர்ப் பழக்கம். தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா 1987-இல் தடை செய்தது; வயலில் பூச்சியைத் தின்பது தவளைதானே. கடைகளில் கிடைக்கும் ரப்பர் தவளையைப் பாசி மேல் இழுத்தாலே விரால் பாயும். பாய்ந்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் தப்பிவிடும். வாய்க்குள் வாங்கும்வரை ஒரு நொடி பொறுத்து இழுக்க வேண்டும். கவ்வியதும் பாசிக்குள் ஓடப் பார்க்கும் என்பதால் நரம்பு தடிமனாக இருக்கட்டும். கரன்ட் வைத்துப் பிடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது மீனுக்கு முன் ஆளைக் கொல்லும்.

அமெரிக்காவின் மினசோட்டா ஏரிகளிலும் இதே குணமுள்ள இரண்டு மீன்கள் உண்டு. பைக், விராலைப் போலவே பாசிக்குள் பதுங்கிப் பாயும். வால்ஐ மங்கிய வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கும். அதனால் அங்கும் அந்திப் பொழுதே தூண்டில் நேரம். ஆனால் அவை குளிர்நீர் மீன்கள். கோடை வந்தால் ஆழத்துக்குப் போய்விடும். விரால் சூட்டைத் தாங்கி ஓரத்திலேயே கிடக்கும். அங்கே வால்ஐ முட்டையிடும் காலத்தில் பிடிக்கத் தடை; மே மாத நடுவில்தான் தூண்டில் போட விடுவார்கள்.

நம் ஊரில் விரால் முட்டையிடுவது மழை தொடங்கியதும். செந்நிறக் குஞ்சுகள் பந்துபோலத் திரள, தாயும் தந்தையும் காவல் நிற்கும். ஏரி, குளத்தில் அப்படிக் காவல் நிற்கும் விராலைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் போச்சு. அங்கே விட்டுவிடுவதே நியாயம். சொந்தக் குட்டையில் நேர்மாறு. மழைக்கு முன் பிடிக்காவிட்டால், நாலு விரால் நானூறாகிவிடும். ஏரியில் தூண்டில் போடுவதானால் மீன்பாசி குத்தகைதாரரின் அனுமதி தேவை.

தூண்டிலில் எல்லாம் மாட்டாது. மிச்சத்துக்குக் குட்டையை வற்ற வைக்க வேண்டும். விரால் ஈரச் சேற்றில் புதைந்தே பிழைத்துக்கொள்ளும். எனவே அடி மண் காய்ந்து வெடிக்கும்வரை விட்டு, 25 சென்டுக்கு 25 கிலோ சுண்ணாம்பு தூவலாம். வற்ற வைக்க முடியாத இடத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு: 25 சென்டில் ஒரு மீட்டர் தண்ணீருக்கு 250 கிலோ. அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால் பாதி போதும். அதன் நஞ்சு மூன்று வாரத்தில் அடங்கி உரமாகிவிடும்; அதுவரை குஞ்சு விடக் கூடாது, ஆடு மாடுகளையும் தண்ணீர் குடிக்க விடக் கூடாது. இது சொந்தக் குட்டைக்கு மட்டும். பொது நீர்நிலையில் நஞ்சு கலப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது.

பிறகு வரத்து வாய்க்காலில் நெருக்கக் கண் வலை, கரையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு நைலான் வலை. குஞ்சுகளையும் நாலு விரல் அகலத்துக்குக் குறையாமல் பெரிதாக வாங்கி விடுவது நல்லது. பவானிசாகர், ஆழியாறு அரசு மீன்குஞ்சுப் பண்ணைகளில் விசாரிக்கலாம். பிடித்த விராலை விற்றால் கட்லாவைவிடக் கூடுதல் விலை கிடைக்கும், கொஞ்ச நஷ்டமாவது ஈடாகும். வலையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் அதைத் தண்ணீரில் திரும்ப விட வேண்டாம். அதை வளர்க்கவே தடை இருக்கிறது.