பெரட்டும் கிளினிக்கும் ஒரே நேரத்தில்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒரு நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, அது புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடங்கள் எடுக்கும். அவ்வளவு காலம் கையில் இருந்தும், நம் பெண்களில் பலர் இரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகுதான் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

பரிசோதனை இல்லாமலா? 1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைத்து, பெப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். மார்பு, பிரஷர், சீனி எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். பெப் என்பது ஒப்பரேஷன் அல்ல. கருப்பை வாயிலிருந்து கொஞ்சம் கலங்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை.

ஆனால் கிளினிக் நடப்பது வார நாளில், காலையில். பெரட்டும் அப்போதுதான். மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ மேல் கணக்கு லயத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் இருந்து திரும்பினால் அன்றைய பேர் போய்விடும். இலவசப் பரிசோதனைக்கு நம் பெண்கள் கொடுக்கும் விலை ஒரு நாள் சம்பளம். "பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெட்கமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நடத்தை கெட்டவளுக்கு வரும் நோய் என்ற பேச்சு லயத்தில் உண்டு. அது பொய். ஒரே புருஷனோடு வாழ்ந்தவளுக்கும் இது வரும். அந்த வைரஸ் ஆண்களிடமும் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும். "ஒன்றும் இல்லாததற்கு ஏன் போகிறாய்?" என்று கேட்கும் அண்ணன்மார் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றும் தெரியாத காலத்தில் போவதற்குத்தான் இந்தப் பரிசோதனை. பிள்ளை போதும் என்று ஒப்பரேஷன் செய்துகொண்டவர்களும், இனி மிட்வைஃப் அம்மாவிடம் நமக்கென்ன வேலை என்று இருந்துவிடுகிறார்கள். அந்த ஒப்பரேஷன் இந்த நோயைத் தடுக்காது.

முடிவு வருவது இன்னொரு சிக்கல். வீட்டு இலக்கம் இல்லாத லயத்துக்குக் கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. சில வேளை வருவதே இல்லை. வந்தாலும் சிங்களத்தில் இருந்தால் யாரிடம் கொடுத்து வாசிப்பது? கங்காணியிடமா? தமிழும் அரச கரும மொழி; தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல. கடிதம் வராவிட்டால் நோய் இல்லை என்று எண்ணிவிடாமல், நேரில் போய்க் கேளுங்கள்.

உறவுக்குப் பின்னரோ, மாதவிலக்கு நின்ற பின்னரோ இரத்தம் பட்டால், நாற்றத்தோடு வெள்ளை போனால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள். 2017 முதல் பாடசாலையில் ஆறாம் தர மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். அன்று பாடசாலைக்குப் போகாத பிள்ளைக்காக எம்.ஓ.எச். பணிமனையில் விசாரியுங்கள்.

நிர்வாகத்திடம் சங்கம் கேட்பது இதுதான்: கிளினிக் துண்டோடு வரும் பெண்ணுக்கு அன்று முழுப்பேர். எம்.ஓ.எச். பணிமனையிடம் கேட்பது, தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலோ டிஸ்பென்சரியிலோ, மறைவான அறையோடு, தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தரோடு ஒரு கிளினிக். தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் தங்கள் தோட்டத்தில் 35, 45 வயதில் இருப்பவர்களின் தொகையை எழுதி அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பெயர்கள் வேண்டாம், தொகை போதும்.