இருட்டாக இருக்கிறதாம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் படிப்பு வட்டத்தைச் சேர்ந்த பதினோரு பேர் ஒரு விடுதி அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்டோம். 2019 பிப்ரவரியில் ஸ்மித்ஸோனியன் ஃபோக்வேஸ் வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்’. ரியானன் கிடன்ஸ், அமெதிஸ்ட் கியா, லெய்லா மெக்காலா, அலிசன் ரஸல் என்ற நான்கு கறுப்பினப் பெண்கள் லூசியானாவில் கூடிப் பதிவு செய்தது. நான்கு பேருமே பான்ஜோ வாசிப்பவர்கள். அடிமை முறையின் கீழ் வாழ்ந்த பெண்களின் கதைகள் பல பாடல்களில் வருகின்றன. மொத்தம் பதின்மூன்று.

பாட்டு முடிந்ததும் சண்டை தொடங்கியது. அந்தச் சண்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

“ரொம்ப இருட்டா இருக்கு தோழர். ஒரே அழுகை. மூணு பாட்டுக்கு மேல தாங்கல” என்றார் ஒரு தம்பி. இன்னொருவர், “இது பாட்டு இல்ல, வரலாற்றுப் பாடம். பிரச்சாரம்” என்றார். மூன்றாமவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “என்னா மூடு தோழர்! மழை பெய்யும்போது ஹெட்போன்ல கேட்கணும்.” மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தங்கை கடைசியாக வாயைத் திறந்தார். “நல்லாருக்கு. ஆனா நான் திரும்பக் கேட்க மாட்டேன்.”

முதல் மூன்று பேரோடும் எனக்குச் சண்டை உண்டு. நான்காமவரோடு இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இருட்டு என்றவரிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். கடைசி இரண்டு பாடல்களைக் கேட்டீர்களா? ‘மியூசிக் அண்ட் ஜாய்’, ‘யூ ஆர் நாட் அலோன்’. தலைப்பிலேயே மகிழ்ச்சியும் துணையும் இருக்கின்றன. இரண்டாவது பாடலிலேயே நிலாவும் சூரியனும் சந்திக்கின்றன, ஆட்டம் இருக்கிறது. அடித்தும் நம்மை அழவைக்க முடியவில்லை பார் என்று சிரிக்கிற சிரிப்பு அது. அது உங்கள் காதில் விழவில்லை. அடிமைப்பட்டவர்கள் பாடினால் அழுகைதான் என்று முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

இருட்டான பாட்டு இல்லாமல் இல்லை. ஏழாவதாக வருகிறது ‘மாமாஸ் க்ரையிங் லாங்’. குரலும் கைத்தட்டும்தான் முன்னால் நிற்கின்றன. ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள், நம் ஊரில் நடவுப் பாட்டு பாடுவதுபோல. பாடுவது ஒரு குழந்தையின் வாய். தோட்டத்துக் கங்காணி அம்மாவிடம் மறுபடி மறுபடி வருகிறான். அம்மா ஒருநாள் கத்தியை எடுக்கிறாள். பிறகு அவளைப் பிடித்துப் போய் மரத்தில் தொங்கவிடுகிறார்கள். குழந்தைக்கு எதுவும் புரியவில்லை, கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறது. கேட்கிற நமக்கு எல்லாம் புரிகிறது.

இந்த ஆல்பத்துக்கான தூண்டுதலாக கிடன்ஸ் ஒரு சினிமாக் காட்சியைச் சொல்லியிருக்கிறார். 2016இல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’. நாட் டர்னர் கலகத்தைப் பற்றிய படம். அதில் ஓர் அடிமைப் பெண் வன்புணர்வு செய்யப்படுகிறாள். கேமரா அவள் முகத்தில் நிற்கவில்லை, அவள் கணவனின் வேதனையில் போய் நிற்கிறது. திரையரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்தவருக்குக் கோபம் வந்தது. நடந்தது அவளுக்கு, கண்ணீர் மட்டும் அவனுக்கா?

தோழர்களே, இந்த இடத்தில் எனக்கே ஓர் அடி விழுந்தது. வெண்மணி நினைவுநாள் கூட்டத்துக்காக நான் எழுதிய பாட்டு ஒன்று உண்டு. சிலர் கேட்டிருப்பீர்கள். 1968 டிசம்பர் 25 அன்று ராமையாவின் குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். என் பாட்டில் அவர்கள் ஓர் எண். பேசுவது யார்? கோபத்தில் மார்தட்டுகிற ஒரு மகன். பத்து வருடமாக அதற்குக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடிசைக்குள் ஓடிய ஒருத்தியின் வாயில் ஒரு வரிகூட நான் வைக்கவில்லை.

பிரச்சாரம் என்றவருக்கு அதிக நேரம் ஒதுக்க விருப்பமில்லை. ஊர்த் திருவிழாவில் ஆதிக்க சாதியின் வீரப் பரம்பரைப் பெருமையைப் பாடும்போது அது பிரச்சாரமாகத் தெரிவதில்லை, ‘செம எனர்ஜி’யாகத் தெரிகிறது. நம்மவர்களே கூட்டத்தில் நின்று ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அடிபட்டவர் வாய் திறந்தால் மட்டும் கலை எங்கே, அழகியல் எங்கே என்று அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த அளவுகோல் யார் வீட்டில் செய்தது என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

உண்மையில் ‘பார்படோஸ்’ பாட்டு பிரச்சாரத்துக்கு எதிரானது. 1788இல் வில்லியம் கூப்பர் எழுதிய ஓர் அங்கதக் கவிதையை வாசித்துத் தொடங்குகிறார்கள். அதில் பேசுகிறவர், அடிமைகளுக்காக மனம் நோகிறதுதான், ஆனால் சர்க்கரையும் ரம்மும் இல்லாமல் எப்படி வாழ்வது என்று கேட்கிறார். பாட்டின் கடைசியில் அதே நியாயம் இன்றைய சரக்குகளை வைத்துத் திரும்ப வருகிறது. நாம் உடுத்துகிற துணி, கையில் வைத்திருக்கிற போன், அதற்குள் இருக்கிற கோபால்ட். அன்று இரவு அந்தப் பாட்டை நாங்கள் கேட்டதும் ஒரு போனில்தான். யாரும் எதுவும் பேசவில்லை.

அடுத்து மூடு. எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது இந்தப் பாராட்டுதான். கிடன்ஸ் வாசிப்பது 1858ஆம் ஆண்டுப் பான்ஜோ ஒன்றைப் பார்த்துச் செய்த கருவி. கழுத்தில் கட்டைகள் இல்லை, ஒலி தாழ்ந்தும் கனமாகவும் வரும். உங்களை மயக்கிய அந்த ‘டார்க்’ ஒலிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்ட மக்கள், தங்கள் ஊர்க் கருவிகளின் நினைவில், சுரைக்குடுவையில் தோலைக் கட்டிக் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் செய்துகொண்டதுதான் பான்ஜோ. 1840களில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு அதே கருவியை ஏந்தி, அதைச் செய்தவர்களையே மேடையில் கேலி செய்து காசு பார்த்தார்கள். மின்ஸ்ட்ரல் ஷோ என்று பெயர். அந்த அவமானம் ஒட்டிக்கொண்டதும் கறுப்பர்கள் பலர் பான்ஜோவைக் கீழே வைத்ததற்கு ஒரு காரணம். பிறகு அது மலைநாட்டு வெள்ளையர்களின் கருவி என்றே உலகம் நம்பியது.

‘பெட்டர் கிட் யெர் லேர்னின்’ பாட்டின் மெட்டு 1855இல் வந்த ஒரு மின்ஸ்ட்ரல் பான்ஜோ பாடப்புத்தகத்தில் இருப்பது. கேலி செய்தவர்களின் புத்தகத்திலிருந்து மெட்டை எடுத்து, எழுத்துப் படி என்று சொல்லும் பாட்டாக மாற்றியிருக்கிறார். அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுத் தருவதைப் பல தென் மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. இது மழைநாள் மூடா?

பறையை நினைத்துக்கொள்ளாமல் இதை நம்மால் கேட்க முடியாது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டவர்களும் நம்மவர்கள்தான். அதே பறையைப் போராட்ட மேடைக்குத் தூக்கி வந்தவர்களும் நம்மவர்கள்தான். இரண்டு பக்கமும் மானம் இருந்தது. இப்போது கல்லூரி விழாவில் ‘செம பீட்’ என்று ஆடுகிறவர்களுக்கு இந்த இரண்டு கதையும் தெரியாது.

நமக்கும் அமெரிக்கக் கறுப்பர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவில் ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த மக்களுக்கு ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’யைக் காணிக்கையாக்கியது 1873இல். தலித் பேந்தர்ஸ் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் தேடிப் பாருங்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தத் தங்கை. திரும்பக் கேட்க மாட்டேன் என்றதும், “அப்ப உங்களுக்கு அரசியல் பத்தல” என்று சிலர் பாய்ந்தார்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: “எங்க ஆயா கதை எனக்குத் தெரியும் தோழர். பாட்டுல வேற கேட்கணுமா?”

இருட்டு பிடிக்கவில்லை என்று தம்பி சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றல்ல. அந்தத் தம்பிக்கு இருட்டு புதிது, அதனால் சங்கடம். தங்கை அதற்குள்ளிருந்து வந்தவர். அவரை மறுபடி உள்ளே போ என்று தள்ள எந்த ஆல்பத்துக்கும் உரிமை கிடையாது, எந்தப் படிப்பு வட்டத்துக்கும் கிடையாது. நம் கூட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண்ணை மேடை ஏற்றி, அழுது முடிக்கும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அங்கேயும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

டிசம்பர் கூட்டத்துக்கு என் பழைய பாட்டு வேண்டாம் என்று வட்டத்தில் சொல்லிவிட்டேன். புதிதாக ஒன்று எழுத வேண்டும். பேசப்போவது யார் என்பதில் இன்னும் சண்டை முடியவில்லை.