கேஸ் ஷீட்டைத் தாயிடம் கொடுங்கள்: பெற்றோர் சங்கத்தின் நிலைப்பாடு

வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு நின்றிருந்தால், மூளை முடக்குவாதக் குழந்தைகளின் பெற்றோர் மதுரை ஆரப்பாளையத்தில் அவசரமாகக் கூடியிருக்க வேண்டியதில்லை. மருத்துவர்களை அச்சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995ஆம் ஆண்டு வி.பி.சாந்தா தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று அதே தீர்ப்பு போகிறபோக்கில் சொல்லிவிட்டது. அந்த நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்த வழக்கில் அதற்கு அவசியமில்லை, பொருத்தமான வழக்கு வந்தால் பார்க்கலாம் என்றது. கதவைச் சாத்தியாகிவிட்டது, தாழ் போடவில்லை.

மருத்துவர்கள் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டால், பிரசவத்தின்போது மூச்சுத்திணறி மூளை பாதித்த குழந்தைகளின் பெற்றோர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய முடியாது. சங்கத்தின் நிலைப்பாடு இது: மருத்துவர்களை நுகர்வோர் சட்டத்திலிருந்து விலக்கக் கூடாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்குச் சாந்தா தீர்ப்பே அளித்த விலக்கையும், இயன்றவரை விரைவில், மறுஆய்வு செய்யவேண்டும். காசு கட்டிப் பெற்றவளுக்கு நுகர்வோர் ஆணையம், காசில்லாமல் பெற்றவளுக்கு சிவில் கோர்ட்டும் ஐகோர்ட்டும் என்பது என்ன நியாயம்?

எல்லா மூளை முடக்குவாதமும் பிரசவ அறையில் நேர்ந்த தவறால் வருவதில்லை. குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள்காமாலை, கருவிலேயே தொற்றிய நோய் என்று காரணங்கள் பல. செயற்குழுவில் உள்ள மருத்துவர்கள் வற்புறுத்திச் சேர்த்த வரிகள் இவை, உண்மையும்கூட. ஆனால் எந்தக் குழந்தைக்கு எது காரணம் என்று பார்க்க ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளைக் காட்டாமல் இந்த வரிகளை மட்டும் பெற்றோரிடம் ஒப்பிப்பதைச் சங்கம் ஏற்காது.

பார்ட்டோகிராம் எனப்படும் அந்தத் தாளில் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, வலிக்கு ஏற்றிய டிரிப் எந்த வேகத்தில் ஓடுகிறது, பனிக்குட நீர் தெளிவா பச்சையா என எல்லாம் நேரத்தோடு பதிவாக வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110இலிருந்து 160க்குள் இருக்கவேண்டும். வலி முற்றும் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் அதைக் கேட்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் ஆறு கட்டில்களைப் பார்த்தால் இது நடக்குமா என்று செவிலிய உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவேண்டியது அரசும் நிர்வாகங்களும். அந்த நர்ஸ் அல்ல, தாயும் அல்ல.

வீட்டுக்கு வந்து சேர்வதோ டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒற்றை வரி: பிறந்ததும் அழவில்லை. வாய்மொழியாக இன்னொன்றும் சொல்லி அனுப்புவார்கள், மாலை சுற்றிப் பிறந்தது என்று. மாமனுக்கு ஆகாதாமே என்று வீட்டில் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

ஐந்து மாதமாகியும் தலை நிற்காது. சில பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் நிற்கும் என்பார் பாட்டி. உட்காராது, தவழாது. மூளை முடக்குவாதம் என்று உறுதியாக எழுதித் தருவதற்குள் பலருக்கு ஒன்றரை, இரண்டு வயதாகிவிடுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகாருக்குத் தரும் கெடுவும் இரண்டே ஆண்டுதான்! அந்த இரண்டு ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே தனி வழக்காகிறது. தாமதத்தை மன்னிப்பது ஆணையத்தின் கையில். உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர் வைத்திருக்கவேண்டிய காலம், 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. குழந்தைக்குப் பதினெட்டு வயது வரும்வரை சிவில் வழக்கின் கெடு ஓடாது என்கிறது காலவரையறைச் சட்டம். அதுவரை தாள் எங்கே இருக்கும்? தேனியிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பிள்ளையை இடுப்பில் சுமந்து ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பிசியோதெரபிக்கு நடக்கும் தாய்க்கு இந்தக் கெடுக்களை யார் சொன்னார்கள்?

வழக்குப் போட்டாலும் எவ்வளவு காலமாகும்? சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் 29ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தையின் வழக்கைப் பாருங்கள். அங்கே பறிபோனது பார்வை. குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பரிசோதிக்கவேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. தேசிய ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. குழந்தைக்கு அப்போது கிட்டத்தட்ட 19 வயது.

பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையின் உடலைக் குளிர்வித்தால் மூளையைக் காப்பாற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வில் (2021) அதனால் பலனில்லை. குளிர்வித்த குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாகவே இருந்தது. ஆகவே பார்க்கவேண்டியதைப் பிரசவத்தின்போதே பார்த்தாக வேண்டும்.

ஜப்பான் 2009 முதல், தவறு யாருடையது என்று கேட்காமலே இத்தகைய குழந்தைக்கு 3 கோடி யென் தந்து, காரணத்தையும் ஆராய்ந்து அறிக்கை தருகிறது. இங்கும் அப்படியொரு நிதி அமைவது பரிசீலிக்கத்தக்கது. கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய், டயபருக்கும் பேருந்துக்குமே சரியாகிவிடுகிறது.

மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பவர்களுக்குச் சங்கம் துணைநிற்காது. அவர்களைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் இருக்கிறது.

மருத்துவர்மீது குற்றவழக்கு வேண்டுமா என்பதில் ஒத்த கருத்து வரவில்லை. அப்பட்டமான அலட்சியம் இருந்தால் மட்டுமே என்ற 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின் அளவுகோலே போதும் என்றனர் பலர். போதாது என்றனர் சிலர். விவாதம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டுள்ளது. அதுவரை, பிரசவமாகி மூன்று ஆண்டு நிறையாத உறுப்பினர்கள் பார்ட்டோகிராம் உட்பட முழு கேஸ் ஷீட் நகலையும் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பிக்கவும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதியில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் திரும்பவேண்டாம்.