படகு எங்கே? ரேடியோ சொல்லும்!

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் ஊர் இது.

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் கரை கடந்தது. பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டி மீட்டர் மழை கொட்டியது! அரசூர் அருகே தென்பெண்ணை வெள்ளம் சாலையில் ஏறியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தின் அடியில் தண்ணீர் பொங்கியதால் ரெயில்கள் நின்றன.

இப்படிப்பட்ட நாளில் ஒரு படகு ஜனங்களை மீட்கப் புறப்படுகிறது. அது இப்போது எங்கே இருக்கிறது? செல்போன் கோபுரம் வேலை செய்தால் கேட்டுவிடலாம். மின்சாரம் போய், கோபுரமும் ஓய்ந்துவிட்டால்?

அப்போதும் வழி இருக்கிறது. அதுதான் அமெச்சூர் ரேடியோ. சம்பளம் வாங்காமல், ஆசைக்காக ரேடியோ நிலையம் நடத்துகிறவர்களை "ஹாம்" என்பார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியைச் சேர்ந்த பாப் புரூனிங்கா. கப்பல்கள் இருக்கும் இடத்தைப் படத்தில் குறிக்க 1982-ல் கம்ப்யூட்டருக்கு ஒரு திட்டம் எழுதினார். 1984-ல் 100 மைல் குதிரை ஓட்டத்துக்கு அதே வகை ஏற்பாடு உதவியது. அது வளர்ந்து "ஏ.பி.ஆர்.எஸ்." என்று பெயர் பெற்றது. புரூனிங்கா 2022-ல் காலமானார்.

வேலை செய்யும் விதம் சுலபமானது. வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு, ஒரு சிறு கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. கூட்டேரிப்பட்டு என்றால் வடக்கே 12 டிகிரி சொச்சம், கிழக்கே 79 டிகிரி சொச்சம். அந்த எண்களை ரேடியோ ஒரு நொடியில் "கிர்ர்" என்று அனுப்பிவிடும். நிலையத்தின் அடையாள எழுத்துகளும் கூடவே போகும். கேட்கும் இடத்தில் படத்தின் மேல் ஒரு புள்ளி தோன்றும். படகு நகர்ந்தால் புள்ளியும் நகரும். மழை அளவைக் கூட இப்படியே அனுப்பலாம்.

"போலீஸ் வயர்லெஸ் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வெள்ளத்தில் துடுப்புப் போடுகிறவன் வாயால் வழி சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? "மேட்டுத் தெரு" என்கிறான். மாவட்டத்தில் எத்தனை மேட்டுத் தெரு!

குறையும் உண்டு. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கையடக்க ரேடியோ தரையிலிருந்து சில மைல்தான் எட்டும். ஆகவே உயரத்தில் ஒரு நிலையம் வேண்டும். கேட்டதை அது மறுபடி ஒலிபரப்பும். இன்னொன்று, இதில் ரகசியம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மீட்புப் படகுக்கு ரகசியம் எதற்கு?

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 2019 ஏப்ரல் 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-45 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில், ஆம்சாட் இந்தியாவின் ஏ.பி.ஆர்.எஸ். கருவி விண்ணிலேயே சுற்றியது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அடித்தபோது பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து சேதிகளை வெளியே கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்.

விண்ணுக்கு அனுப்பியவர்கள் மயிலத்துக்கு அனுப்பக் கூடாதா? அங்கே ஒரு குன்று இருக்கிறது. ஒரு கம்பம், ஒரு ரேடியோ, ஒரு பாட்டரி, வெயிலில் மின்சாரம் தரும் ஒரு பலகை, இவை போதும். மாவட்ட அதிகாரிகள் இடம் கொடுக்க வேண்டும். நிலையம் நடத்த உரிமம் அவசியம். அதற்கு அரசாங்கத் தேர்வு உண்டு. திண்டிவனம், விழுப்புரம் கல்லூரிகளில் வகுப்பு நடத்தினால் மாணவர்கள் தேறிவிடுவார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கம்பம் அதற்கு முன்னால் நிற்க வேண்டும்.